ஆல்பியன் ஆன்லைனில் கணக்குத் தொடங்கலாமா?

கும்பகோணத்தில் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். பாத்திரக்கடை, வெற்றிலை மண்டி, மருந்துக்கடை என்று வாடிக்கை. ஆல்பியன் ஆன்லைன் என்ற, வாளும் கேடயமும் தூக்கும் இணைய விளையாட்டுக்கு என்னை இழுத்துவிட்டவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி. "அக்கா, இது சண்டை கேம்னு நெனைக்காத. முழுக்க யாவாரம். ஒனக்கு நல்லா வரும்" என்று போன் போடும்போதெல்லாம் நச்சரிப்பு. காசா பணமா, இறக்கித்தான் பார்ப்போமே என்று இறக்கினேன். அதே யோசனையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இதை பெர்லினில் இருக்கும் சாண்ட்பாக்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் 2017-ல் வெளியிட்டது. 2019-ல் இலவசமாக்கினார்கள், 2021-ல் போனுக்கும் வந்தது. கம்ப்யூட்டரில் விட்ட இடத்திலிருந்து போனில் தொடரலாம். கதை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. மரம் வெட்டு, கல் உடை, தோல் உரி, திரும்ப வெட்டு. ஒன்றாம் படியிலிருந்து எட்டாம் படி வரை இதே பாடுதான். கதைக்காக விளையாடுகிறவர்கள் இந்த இடத்திலேயே திரும்பிவிடலாம்.

பெரிய குறை என்று எல்லோரும் சொல்வது வேறு. நிலப்பரப்பை நீலம், மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். நீலத்தில் பயமில்லை. மஞ்சளில் வேறொரு ஆட்டக்காரர் உங்களை அடித்து வீழ்த்தலாம், ஆனால் மூட்டை உங்களோடுதான் இருக்கும். சிவப்பிலும் கறுப்பிலும் செத்தால் உடுத்தியது, சுமந்தது எல்லாம் போச்சு. அதில் கொஞ்சம் உடைந்து அழியும், மிச்சம் அடித்தவனுக்கு. கறுப்பில் இப்படி வழிப்பறி செய்கிறவனுக்குக் கெட்ட பெயர்கூடச் சேராது. கும்பலாக வந்து ஒற்றை ஆளை மடக்குவது அங்கே அன்றாடம். தம்பி வீடியோ காலில் விளையாடிக் காட்டும்போதே ஒருமுறை அவன் சுமை மாடு, மூட்டை எல்லாம் போயிற்று. "சரி விடு அக்கா, அது அவ்ளோதான்" என்று அடுத்த நிமிடம் புதுச் சட்டை வாங்கப் போய்விட்டான்.

அவன் அப்படிப் போனதைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இந்த விளையாட்டில் வாளும் கவசமும் பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் செய்து விற்பவை. பொருள் அழிந்துகொண்டே இருந்தால்தான் செய்கிறவனுக்கு வேலை, சுமக்கிறவனுக்குக் கூலி, விற்கிறவனுக்கு லாபம். கொள்ளையை எடுத்துவிட்டால் சந்தை ஒரே மாதத்தில் தேங்கிப்போகும். ஆகவே இந்தக் குறையைத் திருத்துவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

சந்தை என்று வந்துவிட்டால் எனக்குக் கை பரபரக்கிறது. நாச்சியார்கோயிலுக்குக் குத்துவிளக்கு, திருபுவனத்துக்குப் பட்டு என்கிற மாதிரி, விளையாட்டிலும் ஊருக்கு ஒரு சரக்கில் அனுகூலம் வைத்திருக்கிறார்கள். தெட்ஃபோர்டில் தாது உருக்கினால் கூடுதலாகக் கிடைக்கும், மார்ட்லாக்கில் தோல், லிம்ஹர்ஸ்டில் நார், ஃபோர்ட் ஸ்டெர்லிங்கில் மரம், பிரிட்ஜ்வாட்சில் கல். ஊருக்கு ஊர் விலை வேறு. நடுவில் இருக்கும் கேர்லியனைச் சுற்றிச் சிவப்புக் காடு. அதைத் தாண்டிச் சரக்குக் கொண்டுபோகிறவனுக்கு நல்ல விலை உண்டு. அங்குள்ள 'கள்ளச்சந்தை' என்ற கடை, ஆட்டக்காரர்களிடம் வாங்கும் பொருள்தான் பிறகு அரக்கர்களைக் கொன்றால் கிடைக்கும் பரிசாக வெளியே வருகிறது. இதை யோசித்தவனுக்கு ஒரு கும்பிடு.

இப்போது வரிக்கு வருவோம். சந்தையில் விற்பனைக்குப் பட்டியல் போட 2.5% கட்டணம். விற்றதும் வரி 8%, பிரீமியம் என்ற சந்தா கட்டியவருக்கு 4%. 90,000 வெள்ளிக்கு (விளையாட்டுக்குள் புழங்கும் காசு) வாங்கிய சரக்கை ஒரு லட்சத்துக்கு விற்றால், பிரீமியம் இல்லாதவர் கையில் 89,500. அதாவது 500 நட்டம். பிரீமியம் உள்ளவருக்கு 3,500 லாபம். இலவசம் என்ற பேச்சு வியாபாரிக்கு இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. மெல்லிய லாபத்தில் புரட்ட நினைக்கிறவர் பிரீமியம் இல்லாமல் இறங்கினால் உழைப்பெல்லாம் வரிக்கே போகும்.

பிரீமியத்தை நிஜப் பணத்தில் வாங்கலாம். வெள்ளி சேர்த்து, அதைத் தங்கமாக மாற்றியும் வாங்கலாம். புதியவருக்கு இரண்டாவது வழி நெடும்பாதை. வசதியுள்ளவர் நிஜப் பணத்தில் தங்கம் வாங்கி, அதை வெள்ளிக்கு விற்று நேராக நல்ல கவசம் மாட்டிக்கொள்ளவும் முடியும். நியாயமில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அவரும் கறுப்புக் காட்டில் செத்தால் வெறுங்கைதான் என்பதில் ஒரு அற்பத் திருப்தி.

சொந்தமாகத் தீவு வாங்கி விவசாயமும் பண்ணலாம், அதை வாங்கவும் பிரீமியம் வேண்டும். கேரட், பீன்ஸ், கோதுமை, முட்டைக்கோஸ், பூசணி எல்லாம் உண்டு, நெல்தான் இல்லை. விதைத்த 22 மணி நேரத்தில் அறுவடை. தண்ணீர் விட்டால் விதை திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் தண்ணீர் விட ஃபோகஸ் புள்ளி செலவாகும், அது பிரீமியம் உள்ளவருக்கு மட்டுமே நாளுக்கு 10,000 ஊறும். ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்று வருஷா வருஷம் வானத்தைப் பார்க்கும் ஊரில் இருந்துகொண்டு இங்கேயும் தண்ணீருக்குக் காசா என்று கேட்டேன். தம்பி சிரித்தான், பதில் சொல்லவில்லை.

சர்வர் தேர்வில் கவனம். ஆசியா சர்வர் 2023-ல் வந்தது, சிங்கப்பூரில் இருக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பாவைவிட நமக்கு இதுதான் சுருக்காகப் பதில் சொல்லும். ஒரு சர்வரில் சேர்த்தது இன்னொன்றுக்கு வராது. ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கள் தெருவில் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும், அந்த மாதங்களில் சிவப்புப் பக்கம் தலை வைக்க மாட்டேன். போனில் சந்தை வேலை, உழவு வேலை சுகமாக நடக்கிறது. ஆளோடு ஆள் மோதக் கட்டைவிரல் போதாது.

என் முடிவு: தொடங்கலாம், வியாபாரத்துக்காக மட்டும். தொலைத்தால் தூக்கம் கெடாத அளவு சரக்கைத்தான் சுமக்க வேண்டும். இழந்ததை நினைத்துப் புழுங்குகிற சுபாவம் உள்ளவர் தொடவே வேண்டாம். தம்பியின் கில்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) நான் சேரவில்லை. அவர்கள் கூடும் நேரம் அங்கே பன்னிரண்டரை, இங்கே இரவு பத்து. மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும். பிரீமியம் மட்டும் ஒரு மாதம் கட்டிப் பார்க்கப்போகிறேன். ஆடினாலும் ஆடாவிட்டாலும் அதன் நாள் ஓடும் என்பதால், 20-ஆம் தேதி கடைக்காரர்களின் ஜிஎஸ்டி 3பி தாக்கல் எல்லாம் முடிந்த பிறகுதான்.