அக்குளில் சின்னக் கீறல் என்றார்கள்

மேல்கையில் தொங்கும் தோலை இறுக்க ஆபரேஷன் செய்துகொள்ளும் யோசனையில் இருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் என் கதையைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டு வருடத்தில் 38 கிலோ குறைத்தேன். உடம்பு இளைத்தது, தோல் இளைக்கவில்லை. கையைத் தூக்கினால் கொடியில் காயும் துணி மாதிரி தொங்கும். மடிப்பில் வியர்த்து அரிப்பு வேறு. ஒரு வருடம் டம்பெல் தூக்கிப் பார்த்தேன். தசை இறுகியது, தோல் அப்படியேதான் இருந்தது.

நான் போன கிளினிக்கில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அரை மணி நேரம் பேசினார். டாக்டர் என்றே நினைத்தேன். 'ஆலோசகர்' என்று பெயர், ஆள் பிடிப்பதுதான் வேலை என்பது பிறகுதான் தெரிந்தது. என் கையை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “லிப்போசக்‌ஷன்ல கொழுப்பை உறிஞ்சிடுவோம், அக்குள்ல சின்னக் கீறல், அவ்வளவுதான் மேடம்” என்றார். படங்களும் காட்டினார். ஆபரேஷனுக்கு முன் எடுத்த படங்களில் கையை அகல நீட்டியிருந்தார்கள். பின் எடுத்த படங்களில் கை உடம்போடு ஒட்டியிருந்தது. அப்படி வைத்துக்கொண்டால் ஆபரேஷனே இல்லாமல் என் கையும் அழகுதான்!

அன்றே கட்டினால் சலுகை என்றார்கள். கட்டினேன்.

சர்ஜனை முதன்முதலில் பார்த்தது ஆபரேஷன் அன்று காலை. இரண்டு நிமிடம், பேனாவால் நாலு கோடு. ஒப்புதல் படிவமும் அப்போதுதான் வந்தது. வெறும் வயிற்றோடு, கையில் ஊசி ஏற்றிய நிலையில் யார் அதைப் படிக்கப்போகிறார்கள்?

பத்தாவது நாள் வலது அக்குளில் தையல் பிரிந்தது. ஈரமும் அசைவும் உள்ள இடம் என்பதால் அங்கே அப்படி நடப்பதுண்டு. ஆனால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா? போன் செய்தால் “நார்மல்தான், ஆயின்மென்ட் போடுங்க” என்றார்கள். புண்ணைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதிலாக ஒரு கட்டைவிரல் குறி வந்தது.

புண் ஆறி, வீக்கமும் வடிந்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன். முழங்கைப் பக்கம் முன்பைவிடச் சுருங்கித் தொங்கியது. கேட்டால், மறு ஆபரேஷன் செய்யலாம், அதற்குத் தனிப் பணம் என்றார்கள்.

அப்புறம்தான் வேறொரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனேன். அவர் தோலைக் கிள்ளி, இழுத்துப் பார்த்துவிட்டு, “தலையணையிலிருந்து பஞ்சை எடுத்தால் உறை சின்னதாகிவிடுமா?” என்று கேட்டார். எடை அதிகமாகக் குறைத்தவர்களின் தோலில் சுருங்கும் தன்மை போயிருக்கும். கொழுப்பை மட்டும் எடுத்தால் தொங்கல் கூடும். அக்குளை ஒட்டிக் கொஞ்சமாகத் தொங்குபவர்களுக்குத்தான் சின்னக் கீறல் போதுமாம். என் போன்றவர்களுக்குச் செய்ய வேண்டியது பிராக்கியோபிளாஸ்டி. அக்குளிலிருந்து முழங்கை வரை கீறி, மிச்சத் தோலை வெட்டி எடுப்பது. தழும்பு மங்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், முழுசாக மறையாது, சிலருக்குத் தடித்துவிடும். உள்ளே நீர் கட்டலாம், முன்கையின் உட்பக்கம் மரத்துப்போகலாம். எடை சில மாதங்களாவது ஏறி இறங்காமல் நிற்க வேண்டும். சிகரெட் பிடிப்பவர்கள் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

தொங்கலா, நீளத் தழும்பா என்பதுதான் உண்மையான கேள்வி. வெட்டப்போகிற சர்ஜனே உங்கள் கையைப் பிடித்துப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கையைத் தூக்கி, தழும்பு தெரிய எடுத்த படங்களைக் கேளுங்கள். மறு ஆபரேஷன் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒப்புதல் படிவத்தை முதல் நாளே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள்.

என் படிவத்தின் நகலை நான் கேட்டு வாங்கியது எல்லாம் முடிந்த பிறகு. நாலாம் பக்கத்தில் 'தோல் தளர்வு அதிகரிக்கலாம்' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேர் கீழே என் கையெழுத்து.