4,800 டாலர் போச்சு: ஜே.டி. (சட்டப் பட்டம்), எம்.பி.பி. (பொதுக் கொள்கைப் பட்டம்) இரண்டையும் சேர்த்துப் படிக்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது. நேற்று மதியம்தான் அவர்களிடமிருந்து கடைசி மின்னஞ்சல் வந்தது. பணம் திரும்பி வராது. 4,800 டாலர். இரண்டு வருடச் சம்பளத்தில் மாதாமாதம் ஒதுக்கி வைத்தது.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு வழிக்கு வரட்டும். இணையத்தில் மட்டுமே இயங்கும் சேர்க்கை ஆலோசனை நிறுவனம் என்பது போதும். அமெரிக்க மேல்படிப்புக்கான விண்ணப்பங்களை முதலிலிருந்து கடைசிவரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் வகை. அவர்களிடம் மாட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

வாடகைதாரர்களுக்கு இலவசச் சட்ட உதவி தரும் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த குடும்பங்கள் தினமும் வரும். ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு வக்கீல் போதும். ஆனால் அடுத்த மாதம் அதே கட்டடத்திலிருந்து, அதே காரணத்துக்காக, இன்னொரு குடும்பம் வந்து நிற்கும். அந்த விதி ஏன் அப்படி இருக்கிறது, அதை மாற்ற எவ்வளவு செலவாகும், மாற்றினால் யாருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லவும் ஆள் வேண்டும். அதனால்தான் இரண்டையும் படிக்க ஆசைப்பட்டேன். ஜே.டி. தனியாக மூன்று வருடம், எம்.பி.பி. தனியாக இரண்டு வருடம். கூட்டுப் பட்டமாகச் செய்தால், சில பாடங்களை இரண்டு பக்கமும் கணக்கில் எடுத்துக்கொள்வதால், நான்கு வருடத்தில் முடியும். ஹார்வர்ட், பெர்க்லி, மிச்சிகன், ஜார்ஜ்டவுன் எல்லாவற்றிலும் இந்த வழி இருக்கிறது. ஒரு வருடக் கட்டணம் மிச்சம் என்றால் என்னைப் போன்றவளுக்கு அது சின்ன விஷயமில்லை.

2025 ஆகஸ்டில் முதல் வீடியோ அழைப்பு. பேசிய பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கலாம். நான் ‘மேடம்’ என்றதும், “மேடமெல்லாம் வேண்டாம்மா, அக்கான்னே கூப்பிடு” என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். நாற்பது நிமிடம் நான்தான் பேசினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, “ஒரு குடும்பத்துக்கு வக்கீல், நூறு குடும்பத்துக்குக் கொள்கை, அப்படித்தானேம்மா?” என்று என் மனதில் இருந்ததை ஒரே வரியில் சொன்னார். வீட்டில் யாருக்கும் இதைப் புரியவைக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவள் நான். கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அவர் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அவர் கேட்டது 4,800. இரண்டு தவணை. கார்டில் கட்டினால் மூன்று சதவீதம் கூடும், வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ‘ஜெல்’ (Zelle) சேவையில் அனுப்பினால் கூடுதல் கிடையாது என்றார். ஜெல்லில் அனுப்பினேன். இந்த ஒரு வரியை நினைத்துத்தான் இப்போது தலையில் அடித்துக்கொள்கிறேன்.

அவர் சொன்னது இதுதான்: “கூட்டுப் பட்டத்துக்கு ஒரே விண்ணப்பம் போதும்மா. சட்டப் பள்ளிக்குப் போட்டா கொள்கைப் பள்ளிக்கு அவங்களே அனுப்பிடுவாங்க.” நான் நம்பினேன். கல்விக் கடனைப் பற்றிக் கேட்டதற்கு, “கிராட் பிளஸ் கடன் முழுச் செலவையும் தாங்கும்” என்றார். மேல்படிப்பு மாணவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு கொடுத்துவந்த கடன் அது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது என்று 2025 ஜூலை 4-ஆம் தேதியே சட்டமாகிவிட்டது. அவர் என்னிடம் பேசியது அதற்கு ஒரு மாதம் கழித்து. சட்டம் போன்ற தொழில்முறைப் படிப்புக்கு இனி மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர்தான், மற்ற மேல்படிப்புகளுக்கு 20,500. கூட்டுப் பட்டத்துக்கு ஆலோசனை சொல்கிற ஒருவருக்கு இது தெரியாது என்றால் அவர் எதைப் படித்துவிட்டுக் காசு வாங்குகிறார்?

சட்டப் பள்ளிச் சேர்க்கைக்கான எல்சாட் தேர்வை நானே எழுதினேன். சிபாரிசுக் கடிதங்களையும் நானே கேட்டு வாங்கினேன். மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்று, சட்டப் பள்ளிகளுக்கு விண்ணப்பங்களை அனுப்பிவைக்கும் எல்சாக் (LSAC) அமைப்பில் இருந்த என் கணக்கின் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டார்கள். கொடுத்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஜனவரியில் என் பொருளாதாரப் பேராசிரியரிடம் பேசும்போதுதான் உறைத்தது. “எல்சாக்குக்கு மட்டும்தானே அனுப்பினேன், கொள்கைப் பள்ளியிலிருந்து எனக்கு இணைப்பு எதுவும் வரவில்லையே” என்றார். சட்டப் பள்ளிகளுக்கான கடிதங்கள் எல்சாக் வழியாகப் போகும். கொள்கைப் பள்ளியோ தன்னுடைய விண்ணப்பத்தின் வழியாகப் பேராசிரியருக்கே நேரடியாக இணைப்பு அனுப்பும். இணைப்பு வரவில்லை என்றால் விண்ணப்பமே போகவில்லை. அன்று மாலையே கொள்கைப் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதினேன். மறுநாள் காலையில் பதில்: உங்கள் பெயரில் எங்களிடம் விண்ணப்பம் எதுவும் இல்லை, இந்த ஆண்டுக்கான கெடு டிசம்பரிலேயே முடிந்துவிட்டது.

நடந்தது இதுதான். சட்டப் பள்ளியின் படிவத்தில், கூட்டுப் பட்டத்தில் ஆர்வம் உண்டா என்று ஒரு கேள்வி. அதற்கு ‘ஆம்’ போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டு பள்ளிகளுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இரண்டும் தனித்தனியாக முடிவெடுக்கும், ஒன்றில் இடம் கிடைத்தால் மற்றதில் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. இது அந்தப் பள்ளிகளின் பக்கங்களிலேயே எழுதியிருக்கிறது. ஒரு பைசா கொடுக்காமல் படித்திருக்கலாம். 4,800 கொடுத்துத் தப்பாகத் தெரிந்துகொண்டேன்.

உடனே அக்காவுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, “டென்ஷன் ஆகாதேம்மா, சிஸ்டத்துல காட்ட நேரமாகும்” என்று ஒரு குரல்செய்தி. அடுத்த வாரம், உங்கள் கோப்பு கொள்கைப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்றார்கள். அந்தப் பிரிவில் பேச யாருமில்லை, ஒரு புகார் எண் மட்டும் வந்தது. நான்காவது முறை எழுதியபோது ‘அன்புள்ள விண்ணப்பதாரருக்கு’ என்று ஆரம்பித்தது பதில். ஆகஸ்டில் ‘அம்மா’ என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், பிப்ரவரியில் என் பெயரைக்கூட எழுதவில்லை. நேற்று வந்ததில், எங்கள் சேவை ஆலோசனை மட்டுமே, விண்ணப்பக் கெடுவுக்கு விண்ணப்பதாரரே பொறுப்பு என்று ஒப்பந்தத்தின் பதினோராவது பக்கத்தைக் காட்டியிருக்கிறார்கள். முழுவதும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன வாய் அது.

பணத்தைவிட என்னை வயிறெரிய வைத்தது வேறு. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அனுப்பிய விண்ணப்பங்களைத் திறந்து பார்த்தேன். என் தன்விவரக் கட்டுரையில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது. வாடகை நீதிமன்றத்தில் குடும்பங்களுக்காக நான் வாதாடினேனாம். நான் மொழிபெயர்த்தேன். வக்கீல் வாதாடினார். இதிலிருப்பது எல்லாம் உண்மை, நானே எழுதியது என்று உறுதிமொழி கொடுத்துத்தான் அந்த விண்ணப்பத்தை அனுப்ப முடியும். பொய் என்று பின்னால் தெரிந்தால் சட்டப் பள்ளி கொடுத்த இடத்தை ரத்து செய்யலாம். எல்சாக்கே முறைகேடு என்று விசாரிக்கலாம். படித்து முடித்து வக்கீலாகப் பதிவு செய்யப் போகும்போது நடத்தைச் சோதனை என்று ஒன்று இருக்கிறது, அதில் சட்டப் பள்ளிக்குக் கொடுத்த விண்ணப்பத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள். என் பிழைப்புக்கே வேட்டு வைக்கிற ஒரு வரியை, என்னைக் கேட்காமல், என் பெயரில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கும் சேர்த்துத்தான் 4,800.

வங்கியில், நீங்களே அனுப்பிய பணம் என்பதால் ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறார்கள். கார்டாக இருந்தால் வாதாடவாவது முடிந்திருக்கும். நுகர்வோர் மோசடிப் புகார்களை வாங்கும் மத்திய அரசின் எஃப்.டி.சி.க்கும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் எழுதியாயிற்று. சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அலுவலகத்தில் வக்கீல் அண்ணன் ஒருவர் சொல்லியிருக்கிறார். போவேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். முடியவில்லை, மனது ஒரு நிலையில் இல்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். இரண்டு பள்ளிகளின் சேர்க்கை அலுவலகத்துக்கும் நீங்களே எழுதிக் கேளுங்கள், காசு கேட்காமல் பதில் சொல்கிறார்கள். கடவுச்சொல்லை யாருக்கும் தராதீர்கள். ஜெல் வேண்டவே வேண்டாம். இடம் உறுதி என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஐ.ஈ.சி.ஏ. (IECA) போன்ற கல்வி ஆலோசகர் சங்கங்களின் நெறிமுறையே அப்படி உறுதி தரக்கூடாது என்கிறது. கெடு தவறியவர்களுக்கு ஒன்று: பல இடங்களில் சட்டப் பள்ளியின் முதல் வருடத்தில் இருக்கும்போதே கொள்கைப் பள்ளிக்கு விண்ணப்பிக்க விடுகிறார்கள். எனக்கு இப்போது அது ஒன்றுதான் மிச்சம், அதுவும் சட்டப் பள்ளியில் இடம் கிடைத்தால்.

அந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்லி மூன்று சட்டப் பள்ளிகளுக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். நான்காவதை இன்னும் எழுதி முடிக்கவில்லை. அதற்குப் போகிறேன்.