கணுக்கால் பிசகினால் பயிற்சியாளர் மட்டும் போதுமா, மருத்துவரும் வேண்டுமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கபடிக் குழுக்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: அடிபட்ட வீரரை முதலுதவி தெரிந்த பயிற்சியாளரே கவனித்தால் போதுமா, பிசியோதெரபிஸ்ட்டும் எலும்பு மருத்துவரும் சேர வேண்டுமா?

செலவு
தனியாக: ஐஸ், கிரேப் பேண்டேஜ், அவ்வளவுதான்.
சேர்ந்து: எக்ஸ்ரே, பிசியோ கட்டணம். அரசு மருத்துவமனையில் இந்தச் சுமை பெரிதும் குறையும்.

வேகம்
கோட்டோரம் நிற்கும் பயிற்சியாளரை யாரும் முந்த முடியாது.

நிலையாகக் குணமாவது
இங்கேதான் நான் பிடிவாதக்காரன். நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்காலில் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். அதைக் களத்திலேயே கவனிப்பவர் பயிற்சியாளர். முறிவா, சுளுக்கா என்று சொல்பவர் மருத்துவர். ஒற்றைக் காலில் நிற்கவைத்துச் சமநிலையை மீட்டுத் தருபவர் பிசியோ. செம்மண் களத்தில் ஒரு பையன் வீங்கிய காலைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி ரெய்டுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது அவனால் கால் ஊன்ற முடியவில்லை.

நடக்க முடிகிற லேசான சுளுக்கு, தசைப்பிடிப்பு என்றால் பயிற்சியாளர் போதும். முழங்கால் தசைநார் கிழிந்தால் மூவரும் வேண்டும். தலையில் அடிபட்டுத் தடுமாறினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்; அப்படி அடிபட்டவரை அன்றைக்கே மீண்டும் களத்தில் இறக்காதீர்கள்.