ரூபிக்ஸ் கியூப், சேர்க்கக் கற்றுக்கொண்ட பிறகு

ரூபிக்ஸ் கியூப் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, அதைச் சேர்க்க, அதாவது கலைந்த நிறங்களை ஒவ்வொரு பக்கமும் ஒரே நிறமாக வரும்படி திருப்பத் தெரிந்த பிறகுதான் அது உண்மையிலேயே நல்ல பொருளாகிறது என்பதைத்தான். ஆறு பக்கமும் சேர்ந்துவிட்டால் அதோடு வேலை முடிந்தது, பார்முலா (எந்தப் பக்கத்தை எந்த வரிசையில் திருப்புவது என்பது) மனப்பாடம் ஆனால் சுவாரசியம் போய்விடும் என்று பலர் அலமாரியில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வருடக்கணக்கில் தினமும் அதை உருட்டிக்கொண்டிருக்கிறேன், எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

முதல் கட்டத்தில் எல்லோரும் செய்வது அடுக்கு அடுக்காகச் சேர்ப்பது. கீழ் அடுக்கு, நடு அடுக்கு, அப்புறம் மேல் அடுக்கு. இதற்குச் சில பார்முலா போதும், பொறுமையாக உட்கார்ந்தால் யாருக்கும் வரும். அது விரலுக்குப் பழகிய பிறகுதான், ஏன் இப்படி நடக்கிறது என்று பார்க்க மனம் ஓய்வாகிறது. ஒவ்வொரு பக்கத்தின் நடுத்துண்டும் இடம் மாறுவதே இல்லை, நின்ற இடத்திலேயே சுழலும், அவ்வளவுதான். மாறுபவை 8 மூலைகளும் 12 ஓரத் துண்டுகளும் மட்டுமே. இதற்கே சுமார் 4.3 லட்சம் கோடி கோடி நிலைகள் வருகின்றன. ஆனாலும் எவ்வளவு கலைத்தாலும் 20 திருப்பத்துக்குள் சேர்த்துவிட முடியும் என்று 2010இல் கணினிகளை வைத்து நிரூபித்துவிட்டார்கள்.

கையில் கியூப் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். வலது பக்கத்தை மேலே தள்ளுங்கள், மேல் பக்கத்தைக் கடிகாரச் சுற்றில் கால் வட்டம் திருப்புங்கள், வலதைக் கீழே இறக்குங்கள், மேல் பக்கத்தை எதிர்ச்சுற்றில் திருப்புங்கள். இந்த நான்கையும் திரும்பத் திரும்பச் செய்தால் நடுவில் எல்லாம் கலைந்து கிடப்பதுபோல் தெரியும். ஆறாவது தடவை முடியும்போது தொடங்கிய நிலை அப்படியே திரும்பி வந்து நிற்கும். தொலைபேசியில் பேசிக்கொண்டே இதைச் செய்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பேச்சிலிருந்து கவனம் துளிகூடச் சிதறாது.

சரி, பொருளைப் பற்றி. ஸ்டிக்கர் ஒட்டியதை வாங்காதீர்கள். கொஞ்ச காலத்தில் ஓரம் உரிந்து, கைபட்ட இடம் வெளுத்துப்போகும். பிளாஸ்டிக்கிலேயே நிறம் உள்ளதும், உள்ளே சின்னக் காந்தம் வைத்ததுமான கியூப் எடுங்கள், ஒவ்வொரு திருப்பமும் தானாகச் சரியான இடத்தில் வந்து நிற்கும். நடுத்துண்டின் மூடியைக் கழற்றினால் உள்ளே ஸ்க்ரூ இருக்கும். அதை ரொம்பத் தளர்த்தினால் வேகமாகச் சுற்றும், ஆனால் ஒரு மூலை நின்ற இடத்திலேயே முறுக்கிக்கொள்ளும், அதன் பிறகு எந்தப் பார்முலாவாலும் சேராது. கீழே விழுந்து துண்டு துண்டாகக் கழன்றாலும் இதே சிக்கல்தான். கண்டபடி மாட்டினால் 12இல் ஒரு வாய்ப்புத்தான் சேர்க்கக்கூடிய நிலையில் அமையும், அதனால் மாட்டும்போதே நிறம் பார்த்து, சேர்ந்த நிலையில் மாட்டிவிடுங்கள்.

வேகத்தைத் துரத்துவது தனி உலகம். 1982இல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் மின் தாய் (Minh Thai) என்பவர் 22.95 விநாடியில் சேர்த்து வென்றார். இன்று அந்த நேரத்தை வீட்டில் பழகும் பிள்ளைகள் எத்தனையோ பேர் தாண்டிவிடுகிறார்கள். அவர்கள் மனப்பாடம் செய்யும் பார்முலா ஏராளம், தினசரிப் பயிற்சியும் வேண்டும். அந்த ஆசை இருந்தால் இறங்குங்கள், நல்ல விஷயம்தான். எனக்கு அதைவிட மெதுவாகச் சுற்றி ஒரு மூலைத் துண்டு எந்த வழியாகப் போய்த் தன் இடத்துக்கு வருகிறது என்று கண்ணால் தொடர்வதில்தான் சுகம். 1974இல் இந்தக் கியூபை உருவாக்கிய எர்னோ ரூபிக்கே முதல் தடவை சேர்க்கச் சுமார் ஒரு மாதம் போராடினார் என்பதால், புதிதாக வாங்குபவர்கள் முதல் வாரத்திலேயே பார்முலா வீடியோவைத் திறக்க வேண்டாம். ஒரே ஒரு பக்கத்தையாவது நீங்களாகவே சேர்த்துப் பாருங்கள், மீதியை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.