சென்னையின், சென்னை சிட்டி: ஒரே ஊரின் இரண்டு கால்பந்து கிளப்புகள்

பெயரைக் கேட்டால் குழப்பம் வரும். ஆனால் இரண்டும் வளர்ந்த விதமே வேறு.

சென்னையின் எஃப்சி 2014-ல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துத் தொடரோடு சேர்ந்தே பிறந்தது. அபிஷேக் பச்சன், தோனி என்று உரிமையாளர்களிலேயே நட்சத்திரங்கள். 2015 இறுதிப் போட்டியில், கோவா மண்ணில், 87-வது நிமிடத்தில் எஃப்சி கோவாவிடம் 2-1 என்று பின்தங்கியது. அடுத்து எதிரணி கோல்கீப்பரின் சேம்சைடு கோல், 90 நிமிடம் முடிந்தபின் தரும் இஞ்சுரி டைமில் மெண்டோசாவின் கோல். 3-2! 2018-ல் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே அதே 3-2 கணக்கில் வீழ்த்தி, இரண்டாவது கோப்பை.

சென்னை சிட்டியின் வேர் 1946-ல், நுங்கம்பாக்கத்தில். இந்தியாவின் இன்னொரு தேசிய கால்பந்து லீகான ஐ-லீக்கில் நுழைந்த அடுத்த சீசனிலேயே கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம் அதன் வீடானது. சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸ், 2018-19 சீசனில் 21 கோல் போட்ட பெட்ரோ மான்சி, நம்மூர் வீரர் எட்வின் வன்ஸ்பால். 2019 மார்ச் 9, அந்த சீசனின் கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டுவிட்டது. பெனால்டியில் மான்சி சமன் செய்ய, அப்புறம் டிஃபெண்டர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி சாம்பியன்!

கோப்பைக் கணக்கில் சென்னையின்தான் மேலே, சரி. ஆனால் ஒரு முழு லீகை, இருபது ஆட்டம் ஆடி வென்றதை நான் பெரிதாக நினைக்கிறேன். இரண்டே ஆண்டுகளில், 2021-ல், அந்த அணி ஐ-லீக்கிலிருந்து வெளியேறியது இன்னும் வலிக்கிறது.