வண்டலூரா, மாமல்லபுரமா? சென்னைக் குடும்பங்களின் ஒருநாள் கணக்கு

சென்னையில் ஒரு நாள் லீவு கிடைத்தால் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும்: உயிரியல் பூங்கா உள்ள வண்டலூர், கல் சிற்பங்கள் உள்ள மாமல்லபுரம். இரண்டும் நகரின் தெற்கே இருக்கின்றன. ஒன்று தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில், மற்றது கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில். எது நல்ல இடம் என்று கேட்டால் பேச்சு முடியாது. காலை 11 மணி முதல் பிற்பகல் 3.30 வரை பிள்ளைகளையும் பெரியவர்களையும் எங்கே உட்கார வைக்கப் போகிறோம் என்று கேட்டால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். ஊர் சுற்றல் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த நாலரை மணி நேரத்தில்தான்.

அதற்கும் முன்னால் கிழமையைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு விடுமுறை. பழைய வீடுகளைக் காட்டும் முட்டுக்காட்டு தட்சிணசித்ரா வளாகமும் அன்று மூடியிருக்கும், கிண்டி சிறுவர் பூங்காவும் அப்படியே. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. மாமல்லபுரத்துச் சின்னங்கள் வாரம் முழுவதும் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது என்றால் யோசிக்கவே வேண்டாம், மாமல்லபுரம்தான்.

வண்டலூரின் பெரிய பலம் ரயில். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயிலில் வண்டலூர் நிலையத்தில் இறங்கினால் பூங்கா நடக்கும் தூரம்தான். கார் இல்லாத குடும்பத்துக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தபிறகு அந்தப் பக்கம் வெளியூர்ப் பேருந்துகளின் ஓட்டம் கூடியிருக்கிறது. பிள்ளைகளைக் கையில் பிடிக்காமல் இறங்கவே கூடாது.

உள்ளே போனதும் பலர் தடுமாறுவது பரப்பளவில். 1855-இல் நகருக்குள் தொடங்கிய பழைய மிருகக்காட்சிசாலைக்கு இடம் போதாமல், 1985-இல் இங்கே புதிதாகத் திறந்தார்கள். 602 ஹெக்டேர், இந்தியாவிலேயே மிகப் பெரிய உயிரியல் பூங்காக்களில் ஒன்று. கூண்டுக்குப் பதிலாக அகழி வெட்டிய திறந்தவெளி அடைப்புகள் என்பதால் ஒரு விலங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே நல்ல நடை இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை முழுச் சுற்றையும் நடக்காது. பாதி வழியில் தூக்கச் சொல்லும். அதனால் நுழைவுச் சீட்டு வாங்கும்போதே பேட்டரி வண்டிக்கும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஞாயிறு கூட்டத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். கால் வலு உள்ள பெரிய பிள்ளைகளுக்கு வாடகைச் சைக்கிள் அருமையான ஏற்பாடு.

"போனோம், எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தது" என்ற புலம்பலுக்குக் காரணம் நேரம்தான். புலியும் சிங்கமும் வெயில் ஏறியதும் நிழலில் சாய்ந்துவிடும்; கரடி கண்ணிலேயே படாது. திறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் பெரிய விலங்குகளைப் பார்த்துவிட்டு, நடுப்பகலைப் பறவைகளுக்கும் பாம்புகளுக்கும் இரவு விலங்குகளுக்கும் வைத்துக்கொண்டால் நாள் வீணாகாது. இரவு விலங்குக் கூடத்தின் இருட்டுக்குக் கண் பழகச் சில நிமிடம் ஆகும், அவசரமாக நுழைந்து வெளியே வந்தால் ஒன்றும் தெரியாது. அகழிக்கு அப்பால் இருப்பவற்றைப் பார்க்க ஒரு பைனாகுலர் இருந்தால் பிள்ளைகளின் முகமே மாறிவிடும். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் குரங்கு பறிக்க வரும், ஜிப் போட்ட பைக்குள்ளேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காணும் பொங்கலன்று மட்டும் இந்தப் பக்கமே வேண்டாம், கூட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது.

மாமல்லபுரத்தின் கணக்கு வேறு. நகரிலிருந்து 55 முதல் 60 கிலோமீட்டர். ரயில் கிடையாது, பேருந்து அல்லது சொந்த வண்டிதான். ஆனால் இந்திய நாட்டவருக்குத் தொல்லியல் துறைச் சீட்டு 40 ரூபாய், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பத்தைத் தெருவில் நின்றே பார்க்கலாம், சீட்டே தேவையில்லை. கடற்கரைக் கோயிலுக்கு வாங்கிய சீட்டை பாறையில் செதுக்கிய கோயில்களான ஐந்து ரதத்துக்கும் காட்ட வேண்டியிருப்பதால் எறிந்துவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்குக் கல் சிற்பம் சலிப்பூட்டும் என்று பயந்து இந்த ஊரைத் தள்ளிப்போடுகிறவர்கள் பலர். அவர்கள் அர்ச்சுனன் தபசைப் பிள்ளைகளோடு நின்று பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய யானையின் காலடியில் குட்டிகள் இருக்கின்றன. அதன் பக்கத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் முனிவரைப் போலவே கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனை, அதைச் சுற்றி எலிகள். "பூனை எங்கே, கண்டுபிடி" என்று சொல்லிவிட்டால் போதும், கால் மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்கிறார், மாடு கன்றை நக்குகிறது. ஐந்து ரதத்தில் நகுல சகாதேவ ரதத்தின் முதுகையும் அதை ஒட்டி நிற்கும் கல் யானையின் முதுகையும் பின்னால் நின்று ஒரே பார்வையில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வளைவு. திரௌபதி ரதம் முதல் தர்மராஜ ரதம் வரை ஒரே பாறையைக் குடைந்தவை, ஏழாம் நூற்றாண்டு வேலை, எதுவும் முழுதாக முடியவில்லை. முடியாமல் விட்ட இடங்களில் உளித்தடம் தெரிவதால், மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்த முறையைப் பிள்ளைகளுக்கு விரலால் சுட்டியே விளக்கிவிடலாம்.

இங்கே எதிரி வெயில். பாறையும் மணலும் சூடேறினால் நிற்க முடியாது, ஐந்து ரதத்தைச் சுற்றி நிழலும் குறைவு. தபசுப் பாறையும் கடற்கரைக் கோயிலும் கிழக்கு பார்த்தவை, காலை ஒளியில்தான் சிற்பம் துலங்கும். காலை 7 மணிக்கு அங்கே இருந்தால் 10.30-க்குள் தபசு, வெண்ணெய் உருண்டை என்ற பெரிய உருண்டைப் பாறை, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் நான்கையும் நிதானமாகப் பார்க்கலாம். 10 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினால் உச்சி வெயிலில் போய் நிற்பீர்கள், அந்த நேரத்துக்கு வண்டலூரே மேல். வெண்ணெய் உருண்டைப் பாறைச்சரிவில் பிள்ளைகள் சறுக்குவார்கள், பழைய கால்சட்டை போட்டு அழைத்துப் போங்கள். கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இழுப்பு பலமான கரை இது, நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோயிருக்கிறது.

மூட்டு வலி உள்ள தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு இரண்டுமே முழுப் பொருத்தம் இல்லை. வண்டலூரில் வண்டி உண்டு, ஆனால் இறங்கி ஏற வேண்டும். மாமல்லபுரத்தில் மணலும் மேடுபள்ளமும். அவர்களுக்காக ஈ.சி.ஆரில் தட்சிணசித்ராவைத்தான் சொல்வோம். 1996-இல் திறந்த இந்த வளாகத்தில் தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் திண்ணையில் பாட்டி உட்கார்ந்துகொள்ள, பிள்ளைகள் குயவரிடம் மண் பிசையலாம். வெயில் நேரத்தைக் கழிக்க இதைவிடத் தோதான இடம் அந்தச் சாலையில் இல்லை. காலையில் மாமல்லபுரம், 11 மணிக்கு மேல் திரும்பும் வழியில் இங்கே என்று வைத்துக்கொண்டால் இரண்டும் நன்றாகச் சேரும். முதலைப் பண்ணையையும் அதே நாளில் திணித்தால் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது.

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தைச் சிலர் போட்டிக்கு இழுப்பார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை, அதுவும் ஏரியில் தண்ணீர் நின்றால் மட்டும். பறவை பார்க்கப் பொறுமையுள்ள பிள்ளைகள் என்றால் அருமை, இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் "போலாமா" தொடங்கிவிடும்.

திரும்பும் நேரத்திலும் வித்தியாசம் உண்டு. வண்டலூரிலிருந்து ரயில் எப்போதும் போல வரும். ஈ.சி.ஆரில் ஞாயிறு மாலை 5 மணிக்கு மேல் உத்தண்டி சுங்கச்சாவடி தொடங்கி நீலாங்கரை, திருவான்மியூர் வரை வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். கோவளத்தில் திரும்பிக் கேளம்பாக்கம் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலையான ஓ.எம்.ஆரைப் பிடிக்கலாம் என்றால் அங்கே மெட்ரோ வேலை நடக்கிறது. பிற்பகல் 3.30-க்கெல்லாம் காரைக் கிளப்பிவிடுங்கள். மாலைக் கடற்கரைதான் முக்கியம் என்றால் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு இரவு 8 மணிக்கு மேல் புறப்படுங்கள்.