பாசி எடுப்பதா, வளர்ப்பதா?

சின்னப்பாலம், பாம்பன் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்னும் கடற்பாசிகளை எடுக்கிறார்கள். இதற்கு முதலீடு கண்ணாடியும் பையும் விரலில் சுற்றும் துணியும்தான். அகர் என்ற கூழ்ப்பொருள் தயாரிக்க உதவும் மரிக்கொழுந்துக்குக் கட்டக்கோரையைவிட நல்ல விலை. ஆனால் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் கெடுபிடி தீராது. வேரோடு பிடுங்கினால் அந்தப் பாறையில் அடுத்த பருவம் பாசி தேறாது.

பாக் நீரிணைப் பக்கம் கப்பாபைகஸ் என்ற கடற்பாசி வளர்ப்பு. 12-க்கு 12 அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் வரும். மறுவிதைக்கு 60 கிலோ போக, மிச்சம் காய்ந்தால் பத்தில் ஒரு பங்குதான். மிதவைக்குச் சுமார் 15 கிலோ. பச்சை எடையைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது!

அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் மேய்ந்துவிடும். தண்ணீர் சூடேறினால் தண்டு வெளுத்து ஒடியும். 2013-க்குப் பின் உற்பத்தி சரிந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். வடகிழக்குப் பருவக்காற்றில் மிதவை நிற்காது, விதையும் அழியும்.

கைமுதல் இல்லாத வீட்டுக்கு எடுப்பதே கைகொடுக்கும். மழைக்காலம் தாண்டி விதையைக் காப்பாற்ற வழியிருந்தால் மட்டும் மிதவையில் இறங்கலாம்.